கடைசியாக விளக்கணைப்பவர் யார்?

சுவரிலுள்ள பொத்தானைத் தட்டினால் மின்விளக்கு உடனே அணைந்துவிடுகிறது. மின்விசிறி அப்படி நிற்பதில்லை. அதன் இறக்கைகளில் சேர்ந்துள்ள சுழற்சி ஆற்றல் உராய்வில் செலவாகித் தீரும் வரை சற்று நேரம் சுழன்று, பிறகுதான் ஓய்கிறது. கணிப்பொறியோ, 'நிறுத்து' என்று நீங்கள் ஆணை கொடுத்த பிறகும் ஐந்து வினாடி, பத்து வினாடி, சில வேளைகளில் ஒரு நிமிடத்துக்கு மேலும் எடுத்துக்கொள்கிறது. சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லாத கணிப்பொறியிலும் இந்தத் தாமதம் உண்டு. எனவே இதற்கு நிலைமம் காரணமாக இருக்க முடியாது. வேறு என்னதான் காரணம்?

அந்தச் சில வினாடிகளுக்குள் கணிப்பொறி ஒரு தீர்மானத்தை எடுத்து நிறைவேற்றுகிறது. உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் பணிகளில் எதை முதலில் நிறுத்துவது, எதைப் பின்னால் நிறுத்துவது, எதைக் கடைசி வரை தொடாமல் விட்டுவைப்பது என்பதே அந்தத் தீர்மானம். இதில் தவறு நேர்ந்தால் நீங்கள் எழுதிய கட்டுரையும், எடுத்த அளவீடுகளும், ஒரு வங்கியின் கணக்கும் பாதியில் அறுந்துபோகலாம். அந்தத் தீர்மானம் எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நிரலும் பணியும்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிந்து கொள்ளுங்கள். சமையல் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் சாம்பார்க் குறிப்பு வேறு. அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் சாம்பார் வேறு. வட்டில் சேமித்து வைத்திருக்கும் கட்டளைத் தொகுதியை நிரல் என்கிறோம். அந்நிரல் நினைவகத்தில் ஏற்றப்பட்டு ஓடத் தொடங்கிவிட்டால் அதைப் பணி என்கிறோம். ஒரே குறிப்பைப் பார்த்து நான்கு வீடுகளில் சமைப்பது போல, ஒரே நிரலிலிருந்து பல பணிகள் பிறக்கலாம். ஒவ்வொரு பணிக்கும் ஓர் எண் உண்டு.

உங்கள் கண்ணுக்குத் தெரியும் பணிகள் சிலவே. எழுதும் நிரல், படம் காட்டும் நிரல் போன்றவை அவை. அவற்றின் பின்னால் திரையில் முகம் காட்டாமல் உழைக்கும் பணிகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். ஒன்று கடிகாரத்தைத் திருத்துகிறது. ஒன்று அச்சுப்பொறிக்கு வரிசை பார்க்கிறது. ஒன்று வலைத்தொடர்பைக் கவனிக்கிறது. ஒன்று நடப்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதுகிறது. இவையே பின்னணிப் பணிகள்.

இந்தப் பணிகள் அனைத்தையும் ஆளும் அடிப்படை நிரலைக் கெர்னல் என்கிறார்கள். நாம் அதைக் கரு என்று அழைப்போம். கரு எழுந்ததும் முதலில் தொடங்கும் பணிக்கு எண் 1. மற்றப் பணிகளை எல்லாம் அதுவோ அதன் வழி வந்தவையோ தொடங்கி வைக்கின்றன. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தொடங்கிய யூனிக்ஸ், அதைப் பின்பற்றி 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் ஆகியவற்றின் வழக்கம் இது. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளை லினக்ஸிலிருந்தே தருகிறேன். அதன் உள்ளமைப்பு யாரும் திறந்து படிக்கக்கூடியது என்பதே காரணம்.

ஒரு வெற்றுக் கோப்பு

நான் முதுகலை படித்த நாட்களில் நடந்ததைச் சொல்கிறேன். ஆய்வகத்தில் கெய்கர்-முல்லர் எண்ணி ஒன்றைக் கணிப்பொறியுடன் இணைத்து, இயற்கைக் கதிர்வீச்சை இரவு முழுதும் அளக்க முயன்றேன். நிமிடத்துக்கு ஓர் எண்ணிக்கை. ஒவ்வொன்றும் கோப்பில் ஒரு வரி. நிரலைப் பின்னணியில் ஓடவிட்டேன். அரைமணி நேரம் உடனிருந்து, எண்கள் திரையில் ஒழுங்காக வருவதைப் பார்த்தேன். பிறகு ஆணைகள் கொடுக்கும் சாளரத்தை மூடிவிட்டு விடுதிக்குச் சென்று உறங்கினேன். கணிப்பொறியை நான் அணைக்கவே இல்லை.

காலையில் வந்து கோப்பைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை. இரவில் வரவேண்டிய எண்கள் வரவில்லை என்பதையாவது புரிந்துகொள்ளலாம். என் கண்ணால் கண்ட முதல் அரைமணி நேரத்து முப்பது எண்களும் எங்கே போயின?

விடை இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, சாளரத்தை மூடியபோது அதிலிருந்து தொடங்கிய என் பணிக்கும் 'வெளியேறு' என்ற சைகை போயிருக்கிறது. அந்தச் சைகையின் பெயர் ஹேங்-அப், எண் 1. தொலைபேசிக் கம்பி வழியாகக் கணிப்பொறியைப் பயன்படுத்திய காலத்தில், பயனர் தொடர்பைத் துண்டித்துவிட்டார் என்று அறிவிக்கப் பிறந்த சைகை அது. அதைப் பெற்றால் என்ன செய்வதென்று நிரலில் நான் எதுவும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காவிட்டால் பணி உடனே மடிந்துவிடும் என்பது யூனிக்ஸின் விதி.

இரண்டாவது பகுதியைப் புரிந்துகொள்ள, கணிப்பொறியில் எழுத்து எவ்வழியாக வட்டை அடைகிறது என்று தெரிய வேண்டும்.

எழுதியது எங்கே இருக்கிறது?

நிரல் 'எழுது' என்றவுடன் எழுத்து வட்டுக்குப் போய்விடுவதில்லை. வழியில் இரண்டு தங்குமிடங்கள் உண்டு.

முதல் தங்குமிடம் பணிக்குள்ளேயே இருக்கும் சிறு இடைச்சேமிப்பு. பெரும்பாலும் இதன் அளவு 4,096 பைட்டுகள். இது நிரம்பிய பிறகே உள்ளிருப்பது கருவிடம் ஒப்படைக்கப்படும். என் கோப்பில் ஒரு வரிக்கு ஏறத்தாழ 20 எழுத்துகள். முப்பது வரிக்கு 600 பைட்டுகள். இடைச்சேமிப்பில் ஆறில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை! எனவே முப்பது வரிகளும் பணியின் மடியிலேயே இருந்தன. பணி மடிந்தபோது அவையும் சேர்ந்து மடிந்தன.

இரண்டாம் தங்குமிடம் கருவின் நினைவகம். வட்டு மெதுவானது என்பதால் கரு எழுத்துகளைச் சிறிது நேரம் தன்னிடம் வைத்திருந்து, மொத்தமாக எழுதும். லினக்ஸில் வழக்கமான ஏற்பாட்டின்படி ஐந்து வினாடிக்கு ஒருமுறை கரு எழுந்து பார்த்து, முப்பது வினாடிக்கு மேல் காத்திருப்பவற்றை வட்டுக்கு அனுப்புகிறது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் நிறுத்துங்கள். ஒரு பணியைத் திடீரென்று கொன்றால் முதல் தங்குமிடத்தில் உள்ளவை அழியும். கருவிடம் வந்துவிட்டவை பிழைக்கும். மின்சாரத்தைத் திடீரென்று துண்டித்தால் இரண்டு தங்குமிடங்களில் உள்ளவையும் அழியும். ஓடும் கணிப்பொறியின் இணைப்பைப் பிடுங்கக் கூடாது என்று ஆசிரியர் சொல்வதன் காரணம் இதுதான்.

ஆகவே முறையாக நிறுத்துவது என்றால், ஒவ்வொரு பணியும் தன் மடியில் உள்ளதைக் கருவிடம் கொடுக்க வாய்ப்பளித்து, பின் கருவிடம் உள்ளதை வட்டில் எழுதி முடித்து, அதன் பிறகே மின்சாரத்தை நிறுத்துவது என்று பொருள்.

வேண்டுகோளும் கட்டளையும்

பணிகளை நிறுத்தக் கருவிடம் இரண்டு முக்கியமான சைகைகள் உள்ளன. எண் 15 கொண்ட சைகையின் பெயர் டெர்ம். இது ஒரு வேண்டுகோள். 'முடித்துக்கொள்' என்கிறது. பெறும் பணி கையிலிருப்பதை எழுதி வைத்து, கோப்புகளை மூடி, மற்றவர்களிடம் விடைபெற்று வெளியேறலாம். எண் 9 கொண்ட சைகையின் பெயர் கில். இது கட்டளை. இதைப் பணி மறுக்கவும் முடியாது, தள்ளிப்போடவும் முடியாது. தான் கொல்லப்படுகிறோம் என்று அறியக்கூட அதற்கு நேரம் கிடைக்காது.

நிறுத்தும்போது முதலில் வேண்டுகோள், சற்றுக் காத்திருப்பு, அதற்குப் பின்னும் நிற்காதவற்றுக்குக் கட்டளை. எவ்வளவு காத்திருப்பது? 2010-இல் தோன்றிப் பெரும்பாலான லினக்ஸ் அமைப்புகளில் எண் 1 பணியாக இடம்பெற்றுள்ள சிஸ்டம்-டி என்னும் நிரல், ஒவ்வொரு சேவைக்கும் 90 வினாடி வரை பொறுக்கிறது. சில வேளைகளில் உங்கள் கணிப்பொறி நிற்க ஒன்றரை நிமிடம் எடுத்தால், எங்கோ ஒரு பணி வேண்டுகோளுக்குச் செவி சாய்க்காமல் இருந்தது என்று ஊகிக்கலாம்.

மின்தடையின்போது கணிப்பொறி யு.பி.எஸ். மின்கலத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்கலம் ஐந்து நிமிடம்தான் தாங்கும். அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். பொறுமைக்கு எல்லை வகுத்திருப்பது இரக்கமின்மையால் அன்று. ஒருவருக்காக அளவின்றிக் காத்திருந்தால் மற்ற எல்லோருடைய எழுத்தும் போய்விடும்.

கல்யாணப் பந்தல் காட்டும் வழி

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருவோம். எல்லாப் பணிகளுக்கும் ஒரே நேரத்தில் வேண்டுகோள் அனுப்பிவிடலாமே? வரிசை எதற்கு?

ஓர் ஊரில் இரவுக் கல்யாணம் முடிந்துவிட்டது. மின்சாரம் இல்லாத திடல். ஜெனரேட்டர் வைத்து விளக்கெரிகிறது. இனி எல்லாரும் மூட்டை கட்ட வேண்டும். சமையற்காரர் பாத்திரங்களைக் கழுவி எண்ணி ஒப்படைக்க வேண்டும். பாத்திரக்கடை ஆள் அவற்றைக் கணக்குப் பார்த்து வண்டியில் ஏற்ற வேண்டும். மைக்செட்காரர் கம்பிகளைச் சுருட்ட வேண்டும். பந்தற்காரர் கீற்றைப் பிரிக்க வேண்டும். இவர்களில் கடைசியாகப் போகவேண்டியவர் யார்?

ஜெனரேட்டர்காரர்தான். அவர் மற்றவர்களைவிடப் பெரியவர் என்பதற்காக இல்லை. மற்ற எல்லோரும் தம் கடைசி வேலையைச் செய்ய அவருடைய வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. மாப்பிள்ளையின் தந்தைதான் அங்கே மிகவும் மதிப்புக்குரியவர். அவர் முதல் வண்டியிலேயே புறப்பட்டுவிடலாம். ஒரு பாத்திரம்கூடக் காணாமற் போகாது.

கணிப்பொறியிலும் விதி இதுவே. நமக்கு எது முக்கியம் என்பதைப் பார்த்து ஒரு பணியை விட்டுவைப்பதில்லை. வேறு யாருடைய கடைசி வேலையாவது அதை நம்பியிருக்கிறதா என்று பார்த்தே விட்டுவைக்கிறார்கள். தொடங்கும்போது நம்பப்படுபவர் முதலில் வருகிறார். ஜெனரேட்டர் வந்த பிறகுதானே விளக்கு எரியும்! நிறுத்தும்போது அவர் கடைசியில் போகிறார். ஆகவே தொடங்கிய வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் நிறுத்தும் வரிசை பெரும்பாலும் கிடைத்துவிடும். சிஸ்டம்-டி இதே முறையைத்தான் கையாளுகிறது.

எடுத்துக்காட்டாக, உங்கள் கோப்புகள் வேறோர் அறையிலுள்ள கணிப்பொறியின் வட்டில் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். வலைத்தொடர்புப் பணியை முதலில் நிறுத்திவிட்டால், எழுதும் நிரல் தன் கடைசிப் பக்கத்தை எங்கே அனுப்பும்? பதில் வராத கதவைத் தட்டிக்கொண்டே நிற்கும். கணிப்பொறியும் அணையாமல் அப்படியே நிற்கும்.

அடிமரத்தை வெட்டும் ஆபத்து

வரிசைப்படி சேவைகள் நின்ற பிறகும் சில பணிகள் மிஞ்சியிருக்கும். யாரோ தொடங்கி மறந்துபோனவை, எந்தச் சேவையிலும் சேராதவை என்று பலவகை. ஆகவே இறுதிக் கட்டத்தில் ஒரு பொதுவான பெருக்கல் நடக்கும். எண் 1 பணியையும் பெருக்குபவரையும் தவிர, மிஞ்சிய எல்லாப் பணிகளுக்கும் முதலில் 15, பிறகு 9. அதன் பின் வட்டுகளை இணைப்பிலிருந்து விடுவித்து மின்சாரத்தை நிறுத்தவேண்டியதுதான்.

வட்டுகளைக் கவனிப்பது கருவே என்றால் இதில் சிக்கல் இல்லை. கரு பணி அன்று. அதற்குச் சைகை போவதில்லை. ஆனால் சில அமைப்புகளில் வட்டைப் படித்து எழுதும் பொறுப்பு ஒரு சாதாரணப் பணியிடம் இருக்கிறது. அங்கேதான் ஆபத்து.

2008 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 8.04 என்னும் லினக்ஸ் வெளியீட்டில் வூபி என்றொரு வசதி இருந்தது. விண்டோஸ் உள்ள கணிப்பொறியில் வட்டைப் பிரிக்காமலேயே லினக்ஸை நிறுவ அது உதவியது. விண்டோஸின் வட்டுப் பகுதியில் ஒரு பெரிய கோப்பை உண்டாக்கி, அந்தக் கோப்பையே லினக்ஸின் வட்டாகப் பாவித்தார்கள். விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். அமைப்பில் எழுத, என்.டி.எஃப்.எஸ்-3ஜி என்ற நிரல் பயன்பட்டது. அது கருவின் பகுதியாக இல்லாமல், மற்றவற்றைப் போன்ற ஒரு பணியாக ஓடியது.

இப்போது பெருக்கல் தொடங்குகிறது. 'எல்லாருக்கும் 9' என்று கட்டளை பிறக்கிறது. அந்தப் பணியும் மடிகிறது. அது மடிந்த கணமே லினக்ஸின் மொத்த வட்டும் கைக்கு எட்டாமற் போகிறது. கருவிடம் காத்திருந்த எழுத்துகளை எழுத வழியில்லை. அடுத்த படியை நடத்தவேண்டிய ஆணைகளும் அந்த வட்டிலேயே இருந்தன. அவற்றையும் படிக்க முடியாது. நுனிக்கொம்பில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டிய கதைதான்.

இது அந்த ஓர் அமைப்புக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. சில கணிப்பொறிகளில் பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே வட்டுபோல் நடத்துகிறார்கள். அவற்றில் சிலவகைக்கு எம்.டி.மான் என்னும் பின்னணிப் பணி காவலிருக்கிறது. எழுத்துத் தொடங்கும்போது 'எழுதப்படுகிறது' என்றும், முடிந்தபின் 'சீராக உள்ளது' என்றும் வட்டுகளில் குறித்து வைப்பது அதன் கடமை. முன்கூட்டியே அதைக் கொன்றால் கடைசி எழுத்துகள் தேங்கி நிற்கக்கூடும். 'சீராக உள்ளது' என்ற குறியும் விழாது. அடுத்தமுறை கணிப்பொறி எழும்போது வட்டுகள் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்று ஐயுற்று, மீண்டும் ஒத்திசைக்கத் தொடங்கும்.

பட்டியலா, நெற்றிக் குறியா?

ஆக, பெருக்கும்போது சில பணிகளை விட்டுவைக்க வேண்டும். எவை என்று பெருக்குபவருக்கு எப்படித் தெரிவிப்பது? இரண்டு வழிகள் நடைமுறைக்கு வந்தன.

முதல் வழி, பட்டியல். டெபியன், உபுண்டு ஆகியவற்றின் பழைய நிறுத்தும் முறையில், விட்டுவைக்க வேண்டிய பணிகளின் எண்களை ஓரிடத்தில் எழுதி வைத்தார்கள். பெருக்கும் நிரல் அந்த எண்களைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றைக் கொல்லும். எளிய வழிதான். ஆனால் பணியின் எண் நிலையானதன்று. ஒரு பணி இடையில் நின்று மீண்டும் தொடங்கினால் அதற்குப் புது எண் கிடைக்கும். பழைய எண் சிறிது காலம் கழித்து வேறொரு பணிக்குப் போகலாம். பட்டியலைத் திருத்த மறந்தால், காக்க வேண்டியதைக் கொன்று, கொல்ல வேண்டியதைக் காத்து நிற்போம்.

இரண்டாம் வழி, பணியே தன்மேல் குறி தாங்கியிருப்பது. ஒவ்வொரு பணிக்கும் தொடங்கும்போது ஒரு பெயர் உண்டு. அப்பெயரின் முதல் எழுத்து '@' என்று இருந்தால் சிஸ்டம்-டி தன் இறுதிப் பெருக்கலில் அதைத் தொடாது. மின்னஞ்சல் முகவரியில் வருமே, அதே குறிதான். பணி மறுபடி தொடங்கினாலும் குறி கூடவே வரும். பட்டியலைத் தேடி அலைய வேண்டாம்.

'அப்படியானால் எந்த நிரலும் இந்தக் குறியைப் போட்டுக்கொண்டு தப்பித்துவிடாதா?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அதனால்தான் நிர்வாகிக்குரிய முழு அதிகாரத்தோடு ஓடும் பணிகளின் குறியை மட்டுமே சிஸ்டம்-டி மதிக்கிறது. சாதாரணப் பயனர் தொடங்கிய பணி நெற்றியில் எத்தனைக் குறி இட்டாலும் பயனில்லை. 2023 டிசம்பரில் வந்த அதன் 255-ஆம் பதிப்பில், இறுதிச் சைகைக்குத் தப்பவேண்டிய சேவை எது என்பதை அச்சேவையின் அமைப்புக் கோப்பிலேயே நிர்வாகி எழுதி வைக்கும் வசதியும் சேர்ந்தது.

ஜெனரேட்டர்காரரின் கைவிளக்கு

இவ்வளவு செய்தும் ஒரு முடிச்சு மிஞ்சுகிறது. விட்டுவைத்த பணியின் நிரல் எங்கே இருக்கிறது? அது காத்து நிற்கும் அதே வட்டில்! அப்பணி உயிரோடிருக்கும் வரை தன் நிரற்கோப்பைத் திறந்து வைத்திருக்கும். கோப்புத் திறந்திருக்கும் வரை வட்டை விடுவிக்க முடியாது. 'பயன்பாட்டில் உள்ளது' என்று கரு மறுத்துவிடும். பணியைக் கொன்றாலோ வட்டு போய்விடும். இதற்கு என்ன செய்வது?

மீண்டும் பந்தலுக்கு வாருங்கள். எல்லாரும் போனபின் ஜெனரேட்டர்காரர் தன் இயந்திரத்தை நிறுத்துகிறார். கும்மிருட்டு. அந்த இருட்டில் அவர் எப்படி இயந்திரத்தை வண்டியில் ஏற்றுவார்? வீட்டிலிருந்து வரும்போதே ஒரு கைவிளக்கைக் கொண்டுவந்திருக்கிறார். அது ஜெனரேட்டரை நம்பி எரிவதில்லை.

கணிப்பொறியிலும் அத்தகைய கைவிளக்கு உண்டு. லினக்ஸ் எழும்போது, உண்மையான வட்டு தயாராகும் முன்பே, நினைவகத்திலேயே ஒரு சிறு தற்காலிகக் கோப்பு அமைப்பு விரிக்கப்படுகிறது. வட்டைக் காக்கும் பணியை அங்கிருந்தே தொடங்கிவிட்டால், அது வட்டிலுள்ள எந்தக் கோப்பையும் பிடித்துக்கொண்டிருக்காது. நிறுத்தும்போது எண் 1 பணியும் வட்டிலிருந்து இறங்கி, நினைவகத்திலுள்ள அந்தச் சிறு அமைப்புக்குத் திரும்புகிறது. அங்கிருந்துகொண்டு வட்டை முறையாக விடுவித்து, காவற் பணியையும் அனுப்பிவிட்டு, இறுதியாக மின்சாரத்தை நிறுத்தச் சொல்கிறது.

ஆகவே ஒரு பின்னணிப் பணியை விட்டுவைக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வேறு எந்தப் பணியின் கடைசி வேலையாவது இதை நம்பியிருக்கிறதா? இது தானே, கலைக்கப்படப் போகும் எதையாவது நம்பியிருக்கிறதா? முடிவில் இதை நிறுத்தப் போவது யார்? முதற் கேள்விக்கு 'ஆம்' என்றும், இரண்டாவதற்கு 'இல்லை' என்றும், மூன்றாவதற்குத் தெளிவான விடையும் கிடைத்தால் மட்டுமே விட்டுவைக்கலாம். தேவையின்றி விட்டுவைத்த ஒவ்வொரு பணியும் ஏதாவதொரு கோப்பைப் பிடித்துக்கொண்டு வட்டை விடுவிக்கத் தடையாகும்.

நாம் வெளியேறும்போது

கணிப்பொறியை நிறுத்தாமல் பயனர் மட்டும் வெளியேறும்போதும் இதே கேள்வி எழுகிறது. அவர் தொடங்கிய பின்னணிப் பணிகள் தொடர வேண்டுமா, மடிய வேண்டுமா? 2016 மே மாதம் வந்த சிஸ்டம்-டியின் 230-ஆம் பதிப்பு, பயனர் முற்றிலும் வெளியேறினால் அவருடைய பணிகள் யாவும் நிறுத்தப்படும் என்பதை இயல்பு நிலையாக மாற்றியது. மறந்துபோன பணிகள் நினைவகத்தை அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பது மாற்றியவர்களின் வாதம். நீண்ட கணக்கீடுகளை ஓடவிட்டு வீட்டுக்குச் செல்வோர் கடுமையாக எதிர்த்தார்கள். டெபியன் தன் வெளியீட்டில் பழைய நிலையையே வைத்துக்கொண்டது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு பணியை மறந்தோமா, வேண்டுமென்றே விட்டோமா என்பதைப் பணியைப் பார்த்து மட்டும் கணிப்பொறியால் அறிய இயலாது. நாம் சொல்லத்தான் வேண்டும்.

சொல்வதற்கு வழிகள் உள்ளன. நோ-ஹப் என்ற ஆணையின் வழியாகத் தொடங்கிய பணி ஹேங்-அப் சைகையைப் பொருட்படுத்தாது. ஸ்கிரீன், டிமக்ஸ் என்ற நிரல்களுக்குள் தொடங்கிய பணி, சாளரத்தை மூடினாலும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். மறுநாள் வந்து மீண்டும் பார்த்துக்கொள்ளலாம். வெற்றுக் கோப்பைக் கண்ட மறுநாள் இரவு நான் நோ-ஹப் ஆணையோடு நிரலைத் தொடங்கினேன். ஒவ்வொரு வரிக்குப் பின்னும் இடைச்சேமிப்பைக் காலி செய்யும் ஒரு வரியையும் நிரலில் சேர்த்தேன். மறுநாள் காலையில் எண்கள் இருந்தன. இரண்டாவது திருத்தமே மேலானது என்று பின்னால் புரிந்துகொண்டேன். முதல் திருத்தம் ஒரு சைகையிலிருந்து மட்டுமே காப்பாற்றும். இரண்டாவதோ, பணி எந்தச் சைகையால் மடிந்தாலும் அதுவரை அளந்தவற்றைக் கருவிடம் சேர்த்துவிடும்.

நீங்களே வரிசைப்படுத்துங்கள்

ஒரு கணிப்பொறியில் ஐந்து பணிகள் ஓடுகின்றன. அவற்றின் தேவைகள் வருமாறு:

அ. எழுதும் நிரல்: கோப்புகளுக்காக 'இ'யை நம்பியுள்ளது.
ஆ. பதிவேட்டுப் பணி: அ, இ, ஈ ஆகியவை 'நான் நின்றேன்' என்ற கடைசிச் செய்தியை இதனிடம் சொல்ல வேண்டும். இது வட்டில் எழுத 'உ'வை நம்பியுள்ளது.
இ. தொலைவிலுள்ள கணிப்பொறியின் கோப்புகளைக் கொண்டுவரும் பணி: 'ஈ'யை நம்பியுள்ளது.
ஈ. வலைத்தொடர்புப் பணி.
உ. வட்டைக் காக்கும் பணி.

1. எந்த வரிசையில் இவற்றை நிறுத்த வேண்டும்?

2. பதிவேட்டின் ஒரு படியை வேறொரு கணிப்பொறிக்கும் அனுப்ப வேண்டும் என்று நிர்வாகி விரும்புகிறார். ஆகவே 'ஆ' இப்போது 'ஈ'யையும் நம்பியுள்ளது. வரிசையில் என்ன நேரும்? எப்படித் தீர்ப்பீர்கள்?

விடைகள்:

1. அ, இ, ஈ, ஆ, உ. நம்பியிருப்பவர் முதலில், நம்பப்படுபவர் பின்னால் என்ற விதிப்படி வேறு வரிசை இங்கே இயலாது.

2. 'ஈ' தன் கடைசிச் செய்தியைச் சொல்லும் வரை 'ஆ' இருக்க வேண்டும். 'ஆ' தன் படியை அனுப்பி முடிக்கும் வரை 'ஈ' இருக்க வேண்டும். இருவரும் ஒருவருக்கொருவர் காத்திருப்பதால் வரிசை வட்டமாகிவிடுகிறது. வட்டத்தை எங்காவது அறுத்தே ஆகவேண்டும். ஒரு தீர்வு, 'ஈ'யை நிறுத்துமுன் 'ஆ' அதுவரை சேர்ந்ததைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டு, அதன்பின் வருவதைத் தன் வட்டில் மட்டும் எழுதுவது. அப்போது 'ஈ'யின் கடைசிச் செய்தி தொலைவிலுள்ள படியில் இராது. அந்த ஒரு வரியை இழக்கச் சம்மதமா என்பதைக் கணிப்பொறி தீர்மானிக்க முடியாது. அமைப்பை வகுப்பவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். வேறு தீர்வுகளும் உண்டு. நண்பர்களுடன் சேர்ந்து சிந்தித்துப் பாருங்கள்.